என்ஜின் உட்காரும் இடம்

பழைய விரைவுப் படகில் புது என்ஜின் ஏற்றும்போது முதலில் மாறுவது அது தண்ணீரில் உட்காரும் விதம். வேகம் கூடுவதும் குறைவதும் அதற்குப் பிறகு தெரியவருபவை. கரையோரம் கட்டிக் கிடக்கும்போது பின்புறம் எவ்வளவு அமிழ்கிறது, விசை கொடுத்ததும் முன்முனையான அணியம் எவ்வளவு எழும்புகிறது, திருப்பத்தில் எந்தப் பக்கம் சாய்கிறது, எதிரலையில் எப்படி விழுகிறது என்பவற்றில் குதிரைத்திறனுக்கு உள்ள பங்கைவிட, என்ஜினின் எடைக்கும் அந்த எடை உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும் உள்ள பங்கு அதிகம். தென் பிளோரிடாவின் படகுப் பட்டறைகளில் என்ஜின் மாற்றுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் நினைவில் நிற்பவை பெரும்பாலும் இந்தக் கணக்கு தப்பிய படகுகள்தாம். முன்பு ஒழுங்காக ஓடிய படகு, அதிக விலைக்கு வாங்கிய அதிக விசையோடு, ஓட்டுநருக்குப் பிடிபடாமல் திரும்பி வரும். அப்படித் திரும்பிய படகுகளைச் சரிசெய்ததில் சேர்ந்த அறிவே இந்தத் தொழிலின் பாடநூல்.

இந்த வகைப் படகின் உடல் வடிவம் 1950-களின் இறுதியில் உருவானது. அதற்கு முன்பிருந்த வேகப் படகுகளில் அணியம் மட்டும் கூராக இருக்கும். அடிப்பாகம் பின்னே போகப் போகத் தட்டையாகிவிடும். அமைதியான நீரில் அது நன்றாக ஓடும், அலை வந்தால் கடுமையாக மோதும். மாசசூசெட்ஸைச் சேர்ந்த வடிவமைப்பாளர் ரே ஹன்ட், V வடிவ அடிப்பாகத்தைப் பின்பலகை வரைக்கும் ஏறத்தாழ அதே ஆழத்தோடு கொண்டுபோனார். 1958-இல் நியூபோர்ட்டில் அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் போட்டி நடந்தபோது, ஹன்ட் வரைந்த சிறு படகு ஒன்று கொந்தளிப்பில் ஓடியதைப் பார்த்த மயாமி படகுத் தரகர் டிக் பெர்ட்ரம், அதே வடிவில் 30 அடி மரப்படகு ஒன்றைக் கட்டச் செய்தார். ‘மோப்பி’ எனப் பெயரிட்ட அந்தப் படகு 1960 ஏப்ரலில் மயாமி–நசாவ் பந்தயத்தில், சாம் கிரிஃபித் ஓட்ட, மோசமான கடலில் எட்டு மணி நேரத்தில் நசாவை அடைந்தது. இரண்டாவதாக வந்ததும் ஹன்டின் வடிவம்தான். ஜிம் வின் ஓட்டிய அந்தப் படகு 24 அடி நீளம். மற்றவை மறுநாள்தான் வந்து சேர்ந்தன.

இரண்டு படகுகளுக்கும் உடல் ஒரே குடும்பம். என்ஜின் இருந்த இடம் வேறு. மோப்பியில் இரு என்ஜின்களும் உடலுக்குள், நடுப்பகுதிக்கு அருகில் உட்கார்ந்து, சாய்ந்த தண்டுகள் வழியே அடியிலிருந்த புரொப்பெல்லர்களைச் சுழற்றின. வின்னின் படகில் இரண்டு 80 குதிரைத்திறன் வால்வோ என்ஜின்கள் பின்பலகையை ஒட்டி நின்றன. அவற்றின் இயக்கப் பகுதி பலகைக்கு வெளியே தொங்கியது. வின் முந்தைய ஆண்டுதான் அந்த அமைப்பை வால்வோ பென்டா மூலம் நியூயார்க் படகுக் கண்காட்சிக்குக் கொண்டுவந்திருந்தார். ஸ்டெர்ன் டிரைவ் என்று இன்று எல்லாரும் சொல்வது அதைத்தான். பிற்காலத்தில் என்ஜின் மாற்றுபவர்கள் திரும்பத் திரும்பச் சந்தித்த கேள்வி இந்த இரு படகுகளுக்கு இடையிலேயே இருந்தது: எடை நடுவில் இருக்க வேண்டுமா, பின்னால் இருக்க வேண்டுமா?

என்ஜின் வைப்பதில் வழக்கமான முறைகள் நான்கு. முதலாவது நடு என்ஜின். படகின் ஈர்ப்பு மையத்துக்கு அருகே என்ஜின் உட்கார்ந்து, நேர்த்தண்டு பின்னோக்கிச் சாய்ந்து இறங்கும். இரண்டாவது வீ டிரைவ். என்ஜினைப் பின்புறம், முகம் திருப்பி வைப்பார்கள். தண்டு முன்னோக்கிப் போய் ஒரு கியர்பெட்டியில் மடங்கி, அடியில் பின்னோக்கித் திரும்பும். மூன்றாவது ஸ்டெர்ன் டிரைவ். நான்காவது அவுட்போர்டு, என்ஜின் முழுவதும் பின்பலகைக்கு வெளியே நிற்கும். இந்த நான்கிலும் என்ஜினின் எடை வரிசையாகப் பின்னே நகர்ந்துகொண்டே போகிறது. நீர்ச்சறுக்குப் படகுகளில் இதன் விளைவு வெளிப்படையாகத் தெரியும். ஸ்லாலம் சறுக்குபவர்களுக்குப் படகின் பின்னே எழும் அலை, அதாவது பின்னலை, தட்டையாக, சிறியதாக வேண்டும். அதனால் அவர்களுடைய படகுகளில் என்ஜின் நடுவில். வேக்போர்டு ஆடுபவர்களுக்கு உயரமான பின்னலை வேண்டும். அவர்களுடைய படகுகளில் வீ டிரைவ் வழியே எடையைப் பின்னே தள்ளி, போதாததற்கு நீர் நிரப்பிய பைகளையும் பின்னால் வைக்கிறார்கள். எடையின் இடம் மாறினால் தண்ணீர் விலகும் விதமும் மாறும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

வேகம் கூடும்போது படகைத் தாங்குவது மாறுகிறது. மெதுவாகப் போகையில் அது மிதப்பாற்றலால் நிற்கிறது. வேகமெடுத்ததும் அடிப்பாகம் நீரைக் கீழே தள்ள, அதன் எதிர்விசை படகை மேலே தூக்குகிறது. படகு நீர்மேல் வழுக்கி ஓடத் தொடங்குகிறது. அப்போது நீரில் நனைந்திருப்பது பின்பகுதியில் ஒரு துண்டு மட்டுமே. அந்தத் துண்டின் நீளமும் படகு நிற்கும் கோணமும் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தவை. ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் டேனியல் சவிட்ஸ்கி செய்த ஆய்வு 1964-இல் வெளியாகி, இந்த உறவுகளைக் கணக்கிடும் முறையை எல்லா வடிவமைப்பாளர்களின் கையிலும் கொடுத்தது. வழுக்கி ஓடும் அடிப்பாகத்துக்கு எதிர்ப்பு மிகக் குறைவாக இருப்பது ஏறத்தாழ 4 பாகைக் கோணத்தில். அதைவிடத் தாழ்ந்தால் நனையும் பரப்பு கூடி உராய்வு ஏறும். அதைவிட எழும்பினால் நீரைத் தள்ளும் வேலை கூடும்.

ஈர்ப்பு மையம் பின்னே நகர்ந்தால் அணியம் எழும்பும், நனையும் நீளம் குறையும், ஓரளவு வரை வேகம் கூடும். இதனால்தான் பந்தயக்காரர்களுக்குப் பின்னெடையின் மேல் ஆசை. எல்லை தாண்டியதும் துள்ளல் தொடங்கும். அணியம் எழும், தூக்குவிசை போதாமல் விழும், விழுந்த வேகத்தில் மறுபடி எழும். ஓட்டுநர் ஒன்றும் செய்யாமலே இந்த ஆட்டம் வளர்ந்துகொண்டு போகும். ஹன்ட் வகையான ஆழ் V படகுகளுக்கு இன்னொரு நோயும் உண்டு. உச்ச வேகத்தில் அவை அடிமுனையின் குறுகிய பட்டையில் மட்டும் சமநிலை பிடித்து ஓடுகின்றன. சின்னச் சாய்வு ஒன்று கிளம்பினால், ஒரு பக்க விளிம்பிலிருந்து மறுபக்க விளிம்புக்குப் படகு மாறி மாறிச் சாயத் தொடங்கும். அந்தப் பக்க ஆட்டத்தில் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பித் துரத்தும் ஓட்டுநர் ஆட்டத்தைப் பெரிதாக்குவார். விசையைக் குறைப்பவர் தப்பிப்பார்.

மயாமி வட்டாரப் பட்டறைகளில் பலமுறை நடந்த ஒரு மாற்றத்தை, கணக்கு எளிதாக விளங்கும்படி உருட்டிய எண்களோடு, 22 அடி நீளமுள்ள ஓர் ஆழ் V படகை வைத்துச் சொல்லலாம். 1970-களின் கட்டுமானம், சிறு வகை V8 என்ஜினும் ஸ்டெர்ன் டிரைவும். எரிபொருள், ஆட்கள் உட்பட மொத்த எடை 1,600 கிலோ. ஈர்ப்பு மையம் பின்பலகையிலிருந்து 2.3 மீட்டர் முன்னே. என்ஜினும் டிரைவும் சேர்ந்து 410 கிலோ. அவற்றின் மையம் பலகைக்கு 0.7 மீட்டர் முன்னே. அதைக் கழற்றினால் மீதி உடலின் எடை 1,190 கிலோ, மையம் 2.85 மீட்டர். பட்டறையில் கிரேன் என்ஜினைத் தூக்கியதும் பின்புறம் நீரிலிருந்து குபுக்கென்று எழும்பும், அணியம் அமிழும். என்ஜின் அந்தப் படகில் வெறும் சரக்காகவே எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்பதை அந்தக் காட்சி எந்த எண்ணையும்விடத் தெளிவாகக் காட்டும்.

இப்படிப்பட்ட படகுகளில் முதல் ஆசை எப்போதும் பெரிய V8-இன் மேல்தான். வார்ப்பிரும்பால் ஆன பெரிய வகை என்ஜின் சிறியதைவிட 80, 90 கிலோ கூடுதல். டிரைவோடு சேர்த்து 500 கிலோ, மையம் 0.75 மீட்டர் என்று வைத்தால், படகின் ஈர்ப்பு மையம் 2.23 மீட்டருக்கு வரும். 7 சென்டிமீட்டர்தான் பின்னே போயிருக்கிறது. அந்த 7 சென்டிமீட்டரின் பலனைத் தொழிலாளர்கள் நன்கு அறிவார்கள். நின்ற நிலையில் பின்தளத்தின் நீர்வடி துளைகள் நீர்மட்டத்துக்கு நெருங்கிவிடும். வழுக்கத் தொடங்கும் முன் அணியம் முன்பைவிட உயர்ந்து, சில நொடிகள் ஓட்டுநருக்கு முன்னால் வானம் மட்டுமே தெரியும். நடுத்தர வேகத்தில், முன்பு வசதியாக ஓடிய அதே வேகத்தில், துள்ளல் தலைகாட்டும். டிரிம்மை, அதாவது டிரைவ் சாயும் கோணத்தை, உள்ளே இழுத்தால் அடங்கும். வெளியே விட்டால் மறுபடி வரும். உச்ச வேகத்தில் மட்டும் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் இருக்கும். அதனால்தான் உச்ச வேகத்தை மட்டும் பார்த்துப் படகை ஏற்றுக்கொண்டவர்கள், ஒரு வாரம் கழித்துப் பட்டறைக்குத் திரும்பி வந்தார்கள்.

இதற்கு மருந்துகள் உண்டு. பின்பலகையின் அடியில் டிரிம் டேப் எனும் மடக்குத் தகடுகளைப் பொருத்தலாம். அவை பின்புறத்தைத் தூக்கி அணியத்தை அழுத்தும். ஆனால் அவை நீரில் இழுபடும்போது கூட்டிய விசையில் ஒரு பங்கை விழுங்கும். பின்புறத்தைத் தூக்கும் நான்கு இதழ்ப் புரொப்பெல்லர் சில படகுகளில் வேலை செய்யும். அடிப்பாகத்தில் பின்பலகைக்கு அருகே குழிவோ புடைப்போ இருக்கிறதா என்று நீண்ட நேர்கோல் வைத்துப் பார்ப்பதும் அவசியம். பழைய கண்ணாடியிழைப் படகுகள் டிரெய்லரில் பல ஆண்டு நின்று அடி வளைந்திருக்கும். கீழ்நோக்கி வளைந்த கொக்கி அணியத்தை அழுத்தும். மேல்நோக்கிய வளைவு துள்ளலை வளர்க்கும். என்ஜினைக் குற்றம் சொல்லும் முன் இதைப் பார்க்க வேண்டும். ஆனாலும் நிலைத்த மருந்து எடையை முன்னே கொண்டுபோவதுதான்.

2000-க்குப் பிறகு நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் வலுப்பெற்றதும், கதை வேறு பக்கம் திரும்பியது. உப்புநீர் அரித்த ஸ்டெர்ன் டிரைவைக் கழற்றி, பின்பலகையின் துளையை மூடி, வெளியே அலுமினியத் தாங்கி பொருத்தி, அதில் அவுட்போர்டைத் தொங்கவிடும் முறை பரவியது. உள்ளே இடம் காலியாகிறது, பராமரிப்பு எளிது, எடையும் குறைவு. எடை குறைவதால் படகு இலகுவாகும் என்று உரிமையாளர்கள் எதிர்பார்த்தார்கள். அதே 22 அடிப் படகில் கணக்குப் போட்டால் உண்மை தெரியும். 300 குதிரைத்திறன் வகை அவுட்போர்டு 250 கிலோ, தாங்கி 60 கிலோ என்று வைத்தால் மொத்தம் 310. பழைய ஜோடியைவிட 100 கிலோ குறைவு. ஆனால் அதன் மையம் பின்பலகைக்கு 0.9 மீட்டர் பின்னே. இப்போது படகின் எடை 1,500 கிலோ. ஈர்ப்பு மையம் 2.08 மீட்டர். 100 கிலோ குறைந்தும் மையம் 22 சென்டிமீட்டர் பின்னே போய்விட்டது. வெள்ளிக்கோலின் நீண்ட கையில் சின்னக் குண்டை நகர்த்தினால் மறுமுனையில் பெரிய மூட்டை எழுவது எதனாலோ, இதுவும் அதனால்தான். அதே அவுட்போர்டைத் தாங்கி இல்லாமல் பின்பலகையிலேயே ஏற்றியிருந்தால், அதன் மையம் 0.3 மீட்டர் பின்னே இருக்கும். படகின் ஈர்ப்பு மையம் 2.3 மீட்டரிலேயே அப்படியே நிற்கும்.

தாங்கியில் காற்றறை வைத்து மிதக்கும்படி செய்வதுண்டு. நின்ற நிலையில் அது பின்புறத்தைத் தாங்கும். நீர்வடி துளைகள் மேலே நிற்கும். துறையில் பார்ப்பவருக்குப் படகு சமமாகத் தெரியும். வழுக்கத் தொடங்கியதும் தாங்கி நீரைவிட்டு மேலேறிவிடும்; அதன் மிதப்பு அதோடு போய்விடும், எடை மட்டும் மிஞ்சும். துறையில் நீர்மட்டக் கோட்டைப் பார்த்துத் திருப்தியடைந்தவர்கள் கடலில் ஏமாந்தது இங்கேதான்.

தாங்கியால் நன்மையே இல்லை என்று சொல்லவும் முடியாது. பின்பலகையைத் தாண்டியதும் நீர் அடக்கம் நீங்கி மேலெழுகிறது. அதனால் பின்தள்ளிய என்ஜினை, ஓர் அடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் என்ற கணக்கில், உயர்த்திப் பொருத்தலாம். நீரில் இழுபடும் கீழ்ப்பகுதி குறையும். புரொப்பெல்லர் தொலைவில் இருப்பதால் டிரிம் செய்யும் ஒவ்வொரு பாகையும் அணியத்தை முன்பைவிட வலுவாக எழுப்பும் அல்லது அழுத்தும். ஸ்டீயரிங் திருப்பமும் கூர்மையாகும். அணியம் கனத்த, மந்தமான படகுக்கு இது வரம். ஏற்கெனவே பின்னெடை மிகுந்த படகுக்கு இதுவே சுமை. என்ஜினை அளவுக்கு மீறி உயர்த்தினால் புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சி வெறுமனே சுழலும். குளிர்விக்கும் நீரை உறிஞ்சும் துளைகள் நீருக்கு மேலே வந்து என்ஜின் சூடேறும். அதனால் உயரத்தைச் சிறு படிகளாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் நீரழுத்த மானியைப் பார்த்தபடி ஓட்டிச் சரிபார்ப்பார்கள்.

தாங்கி வைத்த படகில் மீண்டும் சமநிலை கொண்டுவரும் வழி சாதாரணமானது. 25 கிலோ எடையுள்ள இரண்டு பேட்டரிகள் பெரும்பாலும் பின்பலகை ஓரத்தில் இருக்கும். அவற்றை 3 மீட்டர் முன்னே, ஓட்டுநர் இருக்கைக்கு அப்பால் கொண்டுபோனால், 22 சென்டிமீட்டரில் 10 திரும்பிவிடும். 200 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 150 கிலோ, தொட்டியை 0.6 மீட்டர் முன்னே வைத்தால் இன்னும் 6 சென்டிமீட்டர். நங்கூரமும் சங்கிலியும் அணியத்துக்குப் போனால் மீதியில் பெரும்பகுதி தீரும். என்ஜின் இருந்த பள்ளம் காலியானதும் அதைக் குளிர்பெட்டியாகவும் சாமான் அறையாகவும் மாற்றி நிரப்பும் ஆசை எழும். அந்த ஆசைக்கு இடங்கொடுத்தால் முன்னே தள்ளிய எடையெல்லாம் வேறு உருவில் பின்னுக்குத் திரும்பிவிடும்.

எரிபொருள் தொட்டிக்குத் தனியாக ஒரு விதி உண்டு. அது செலவாகச் செலவாக எடை குறைவதால், தொட்டி ஈர்ப்பு மையத்துக்கு அருகே இருந்தால்தான் புறப்படும்போதும் திரும்பும்போதும் படகு ஒரே மாதிரி நடக்கும். சமநிலைக்காக அதை அணியத்துக்கே கொண்டுபோனால், நிறைந்த தொட்டியோடு போகையில் அணியம் அலையைக் குத்தும். காலியான தொட்டியோடு வருகையில் துள்ளும். கடல் பந்தயப் படகுகளில் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார்கள். அணியத்தில் ஒரு நீர்த்தொட்டி வைத்து, எதிரலையில் நிரப்பி, அலை பின்னாலிருந்து வரும்போது காலி செய்தார்கள்.

முன்னும் பின்னும் போலவே இடமும் வலமும் பார்க்க வேண்டும். ஒற்றை என்ஜின் படகில், பின்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுழலும் புரொப்பெல்லர், எதிர்விசையால் படகை இடப்பக்கம் சாய்க்கும். அமெரிக்கப் படகுகளில் ஓட்டுநர் இருக்கை பெரும்பாலும் வலப்பக்கம் இருப்பதால் அவருடைய எடை அதில் ஒரு பங்கை ஈடுகட்டுகிறது. விசை இரட்டித்தால் சாய்வும் வளரும். ஓட்டுநரின் எடை வளராது. பெரிய என்ஜின் ஏற்றியபின் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடுவது இதனால்தான். பேட்டரியை எதிர்ப்பக்கம் வைப்பதும், ஒரு பக்கத் தகட்டைச் சற்று இறக்குவதும் வழக்கமான தீர்வுகள்.

இரட்டை என்ஜின் படகில் புரொப்பெல்லர்கள் எதிரெதிராகச் சுழன்று ஒன்றையொன்று ஈடுசெய்யும். அங்கே சிக்கல் அகலம். ஆழ் V அடிப்பாகத்தில் நடுக்கோட்டிலிருந்து விலக விலகத் தளம் உயர்கிறது. இரு V8-களைப் பக்கம் பக்கமாக வைத்தால் அவை ஒன்றையொன்று தள்ளி, மேலேயும் வெளியேயும் போகும். திருப்பத்தில் வெளிப்பக்கப் புரொப்பெல்லர் நீரைவிட்டு எழும்பும் ஆபத்தும் கூடும். குறுகிய பந்தயப் படகுகளில் ஓர் என்ஜினைச் சற்று முன்னே தள்ளி, இடைத்தண்டு ஒன்றால் அதன் டிரைவோடு இணைத்தார்கள். இரு டிரைவுகளும் நெருங்கின, என்ஜின்கள் V-யின் ஆழத்தில் இறங்கின, ஒன்றின் எடை நடுவுக்கு வந்தது. கராச்சியில் பிறந்து இத்தாலியில் பெயர் பெற்ற சன்னி லெவி இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். 1967-இல் கவுஸ்–டார்கீ பந்தயத்தை வென்ற அவருடைய ‘சர்ஃப்யூரி’யில் இரு என்ஜின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடுக்கோட்டில் நின்று ஒரே புரொப்பெல்லரைச் சுழற்றின. என்ஜின் மாற்றும் பட்டறைக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது. பழைய படகில் என்ஜின்கள் முன்பின்னாக நின்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. புதியவற்றை வசதிக்காகப் பக்கம் பக்கமாக வைக்கக் கூடாது.

உயரமும் கணக்கில் சேரும். தாழ்ந்த என்ஜின் படகைச் சாய்வுக்குப் பிறகு விரைவாக நிமிர்த்தும். உடலுக்குள் ஆழத்தில் இருந்த வார்ப்பிரும்பு எடை போய், பின்பலகைக்கு மேலே அவுட்போர்டின் தலைப்பகுதி வந்ததும், எடை குறைந்தாலும் அதன் மையம் உயர்கிறது. நின்ற நிலையில் பக்கவாட்டு அலையில் படகு மெதுவாக, அகலமாக ஆடும். ஓடும்போது பக்க ஆட்டம் முன்பைவிடக் குறைந்த வேகத்திலேயே கிளம்பவும் கூடும். கேபிள் ஸ்டீயரிங்கில் தேய்மானத்தால் வரும் தளர்ச்சி இதை மோசமாக்கும். அதனால் விசை கூட்டும் எந்த மாற்றத்திலும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கும் சேர்ந்தே வருவது வழக்கமாயிற்று.

எடை மையத்தில் குவிந்திருப்பதற்கும் இரு முனைகளில் பரவியிருப்பதற்கும் வேறுபாடு உண்டு; ஈர்ப்பு மையம் ஒரே இடத்தில் இருந்தாலும் அது தெரியும். நடுவில் குவிந்த எடை அலைக்கு ஏற்ப அணியத்தை விரைவாக எழவிடும். முனைகளில் பரவிய எடை முதலில் அசைய மறுக்கும். அசைந்தபின் நிற்க மறுக்கும். பின்னால் தாங்கியில் அவுட்போர்டும், அதை ஈடுகட்ட முன்னால் ஈயக்கட்டிகளும் வைத்த படகு தராசில் சமமாக நிற்கும். ஆனால் குறுகிய எதிரலையில் அணியத்தை நேரத்துக்குத் தூக்காமல் அடுத்த அலைக்குள் புகுத்தும். எனவே ஈடுகட்ட ஈயம் ஏற்றுவது கடைசி வழி. இருக்கும் எடைகளை நடுவுக்கு நகர்த்துவது முதல் வழி.

மோப்பியின் வழித்தோன்றலான பெர்ட்ரம் 31 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1961 முதல் 1983 வரை கண்ணாடியிழையில் கட்டப்பட்ட இந்தப் படகில் என்ஜின்கள் பின்தளத்தின் முன்பகுதியில், பெட்டிகளுக்குள், ஈர்ப்பு மையத்துக்கு நெருக்கமாக இருந்தன. பெட்ரோல் என்ஜின்களை எடுத்துவிட்டுக் கனமான டீசல் என்ஜின்கள் ஏற்றியபோதும் இவை பெரும்பாலும் தாங்கிக்கொண்டன. மையத்தில் கூடிய எடை படகைச் சற்றே அமிழ்த்துகிறது, சாய்ப்பதில்லை. பல பத்தாண்டுகளாக மக்கள் இந்தப் படகைத் திரும்பத் திரும்ப என்ஜின் மாற்றி ஓட்டிவருவதற்கு அந்த இடத்தேர்வு ஒரு முக்கியக் காரணம்.

என்ஜின் இடம் மாறினால் தள்ளுவிசை உடலுக்குள் போகும் பாதையும் மாறும். ஸ்டெர்ன் டிரைவில் என்ஜினின் முன்பாதி எடை நெடுக்குச் சட்டங்களில் அமர்ந்திருக்கும். அவுட்போர்டில் எடையும் உந்தலும் முழுவதும் பின்பலகையின் மேல். தாங்கி வைத்தால் அதன் நீளத்துக்கு ஏற்ப நெம்புவிசை பெருகும். பழைய படகின் பின்பலகைக்குள் ஒட்டுப்பலகை ஊறி உளுத்திருப்பது சாதாரணம். சுத்தியலால் தட்டிக் கேட்பதும், துளையிட்டு மரத்தூளின் ஈரம் பார்ப்பதும் வேலையின் முதல் நாளில் நடக்க வேண்டியவை. அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த அவுட்போர்டு படகுகளில் அதிகபட்சக் குதிரைத்திறன் தகடு சட்டப்படி இருக்கும். அந்த எல்லையும் கணக்கின் ஒரு பகுதி.

அனுபவமுள்ள பட்டறைகளில் வேலை ஓர் ஒழுங்கில் நடக்கும். பழைய என்ஜினைக் கழற்றும் முன், நிறைந்த தொட்டியோடும் காலித் தொட்டியோடும் நீர்மட்டத்தைப் பின்பலகையிலும் அணியத்திலும் குறித்துக்கொள்வார்கள். பழைய நிலையில் எந்த வேகத்தில் வழுக்கத் தொடங்குகிறது, எந்தச் சுழற்சியில் என்ன வேகம், எந்த டிரிம்மில் துள்ளுகிறது என்பதை எழுதிவைப்பார்கள். பிறகு ஒப்பிட அதுவே ஆதாரம். தூக்கும்போது கிரேன் கொக்கியில் எடைமானி மாட்டி, கழற்றும் ஒவ்வொன்றையும் நிறுப்பார்கள். விளம்பரத் தாளில் உள்ள எடையில் எண்ணெயும் புரொப்பெல்லரும் வயர்களும் சேர்ந்திராது. பின்னெடை கூடுகிறது என்று தெரிந்தால், பலகையை அறுக்கும் முன் பழைய என்ஜினோடே, கூடவிருக்கும் சுமைக்கு ஈடான மணல் மூட்டைகளைப் பின்னால் அடுக்கி ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த ஓட்டத்தில் துள்ளும் படகு, புது என்ஜினோடும் துள்ளும். மாற்றத்துக்குப் பின் இதே அளவுகளை அதே வரிசையில் மறுபடி எடுப்பார்கள்: நின்ற நிலை, வழுக்கத் தொடங்கும் தருணம், நடுத்தர வேகம், உச்ச வேகம், இரு பக்கமும் இறுக்கமான திருப்பம், விசையைச் சட்டென்று குறைக்கும்போது பின்னலை பலகையைத் தாண்டி ஏறுகிறதா என்ற சோதனை. கடைசியாக அதையெல்லாம் பாதித் தொட்டியோடும், இருவர் மட்டும் இருக்கும்போதும், ஆறு பேர் இருக்கும்போதும் திரும்பச் செய்வார்கள். இந்த நிலைகள் எல்லாவற்றிலும் டிரிம்மின் நடுப்பகுதியிலேயே படகு ஒழுங்காக நடந்தால் என்ஜின் சரியான இடத்தில் இருக்கிறது. டிரிம்மை ஒரு கோடியில் வைத்துத்தான் அடக்க முடிகிறதென்றால், எடை இன்னும் நகர வேண்டியிருக்கிறது.